காற்றில் பதிந்த கையெழுத்து

கதிரியக்கம் பற்றிய பாடத்தைத் தொடங்கும் நாளில் கரும்பலகையில் ஒரு வளைகோடு வரைவது என் வழக்கம். முதலில் அது சிறிது தூரம் மட்டமாகச் செல்லும். பிறகு மெல்ல ஏறும். நடுவில் சற்றுத் தயங்கும். அதன்பின் செங்குத்தாக எழுந்து ஒரு கூரிய முனையைத் தொடும். அங்கிருந்து மலைச்சரிவுபோல ஒரே சீராக இறங்கிக்கொண்டே போகும். அச்சுகளில் எதையும் குறிக்காமல், "இது என்ன?" என்று மாணவர்களைக் கேட்பேன். டைபாய்டு நோயாளியின் உடல் வெப்பம் என்பான் ஒருவன். அணையின் நீர்மட்டம் என்பாள் இன்னொருத்தி. இதுவரை யாரும் சரியான விடை சொன்னதில்லை.

அது வடகோளக் காற்றிலுள்ள கார்பன்-14 என்னும் பொருளின் அளவு. முனை இருக்கும் இடம் 1963-64. அந்த முனைக்குக் காரணம் இயற்கையன்று, மனிதர்கள். அந்த இறக்கத்துக்குக் காரணமும் மனிதர்களே. 1963 ஆகஸ்டு 5-ஆம் நாள் மாஸ்கோவில் மூன்று அமைச்சர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அரசியலில் கொடுத்த வாக்குக் காப்பாற்றப்பட்டதா என்பதை நாம் பெரும்பாலும் பத்திரிகைச் செய்தியை வைத்துத்தான் சொல்ல முடியும். இந்த ஒரு வாக்கை மட்டும் காற்றையே அளந்து சொல்லலாம்!

கார்பன்-14 எப்படி உண்டாகிறது?

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் காற்று மண்டலத்தின் மேற்பகுதியில் மோதும்போது நியூட்ரான்கள் சிதறுகின்றன. ஒரு நியூட்ரான் நைட்ரஜன் அணுவின் கருவில் புகுந்து ஒரு புரோட்டானை வெளியே தள்ளினால், அந்த அணு கார்பன்-14 ஆகிவிடுகிறது. அது ஆக்சிஜனுடன் சேர்ந்து கரியமில வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. செடிகள் அதை உண்கின்றன; செடிகளை நாம் உண்கிறோம். இயற்கையில் இதன் அளவு மிக மிகக் குறைவு. ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி கார்பன் அணுக்களில் ஒன்றுதான் கார்பன்-14. பழங்காலக் கரித்துண்டின் வயதைக் கணிக்க உதவுவது இதுவே.

ஓர் அணுகுண்டு காற்றில் வெடிக்கும்போதும் நியூட்ரான்கள் ஏராளமாகத் தெறிக்கின்றன. நைட்ரஜனுக்கு அவை விண்ணிலிருந்து வந்தவையா, குண்டிலிருந்து வந்தவையா என்ற பேதம் தெரியாது. 1950-களிலும் 1962 வரையிலும் வல்லரசுகள் காற்றில் நடத்திய சோதனைகளால் வடகோளக் காற்றில் கார்பன்-14-இன் அளவு ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று.

ஆனால் மக்களை அஞ்ச வைத்தது கார்பன்-14 அன்று. 1954 மார்ச் 1-ஆம் நாள் பசிபிக் கடலில் பிக்கினி தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. சுமார் 6 மெகாடன் வலிமையை எதிர்பார்த்தார்கள். வெடித்ததோ 15 மெகாடன். சாம்பல் போன்ற கதிரியக்கத் தூசி அண்டைத் தீவு மக்கள்மீது விழுந்தது. தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மீதும் விழுந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். அதன் வானொலி இயக்குநர் அவ்வாண்டு செப்டம்பரில் இறந்தார். இச்செய்தி வந்து ஒரு மாதம் ஆகுமுன், 1954 ஏப்ரல் 2-ஆம் நாள், நம் மக்களவையில் பிரதமர் நேரு ஒரு யோசனையை வைத்தார்: குண்டுகளை ஒழிப்பது பற்றிப் பேசி முடிக்கும்வரை காத்திராமல், சோதனைகளையாவது இப்போதைக்கு நிறுத்தி வைக்கலாமே என்பதே அது. உலகில் இந்தக் கோரிக்கையை முதலில் எழுப்பிய அரசுத் தலைவர்களில் அவர் ஒருவர்.

தூசியில் இருந்த மற்றொரு பொருள் ஸ்ட்ரான்ஷியம்-90. வேதியியலில் இது கால்சியத்தின் பங்காளி. அதனால் உடல் இதைக் கால்சியம் என்றே எண்ணி ஏமாந்து எலும்பிலும் பல்லிலும் சேர்த்து வைத்துவிடும். மழையோடு புல்லுக்கும், புல்லிலிருந்து பசுவுக்கும், பாலிலிருந்து குழந்தைக்கும் இது வந்து சேர்ந்தது. இதன் அரை ஆயுள் சுமார் 29 ஆண்டுகள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1958-இல் விஞ்ஞானிகளும் தாய்மார்களும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். குழந்தைகளுக்கு விழுந்த பால் பற்களைத் தபாலில் அனுப்பச் சொன்னார்கள்! பல் அனுப்பிய குழந்தைக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பொத்தான் பரிசு. லட்சக்கணக்கில் பற்கள் வந்து குவிந்தன. பின்னால் பிறந்த குழந்தைகளின் பற்களில் ஸ்ட்ரான்ஷியம் பல மடங்கு கூடியிருந்தது.

எழுதாத வாக்கு

வளைகோடு நடுவில் தயங்கும் இடம் ஒன்று உண்டு என்றேனல்லவா? அது 1959-61. 1958 நவம்பர் முதல் அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத் யூனியனும் சோதனைகளை நிறுத்தி வைத்திருந்தன. ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஒவ்வொரு நாடும் தானாகவே, 'நீ செய்யாதவரை நானும் செய்யேன்' என்று சொல்லிக்கொண்டது. காற்று உடனே அதைக் காட்டியது. ஏறிக்கொண்டிருந்த கோடு நின்றது.

ஆனால் இந்த வாக்குக்கு உறுதியான முடிச்சு இல்லை. 1959-இன் இறுதியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர், சோதனைகளை மீண்டும் தொடங்கும் உரிமை தமக்கு உண்டு என்றும், தொடங்குமுன் அறிவிப்பதாகவும் கூறினார். 1960 பிப்ரவரியில், இந்த ஏற்பாட்டில் சேராத பிரான்ஸ் சகாராப் பாலைவனத்தில் தன் முதல் குண்டை வெடித்தது. 1961 ஆகஸ்டு 30-இல் சோவியத் அரசு தாம் மீண்டும் தொடங்கப் போவதாக அறிவித்தது; செப்டம்பர் 1-இல் வெடித்தது. இரண்டே மாதத்தில், அக்டோபர் 30-இல், சுமார் 50 மெகாடன் குண்டு ஒன்றை வெடித்துக் காட்டியது. அதைவிடப் பெரிய குண்டை இன்றுவரை யாரும் வெடித்ததில்லை. அமெரிக்காவும் சும்மா இருக்கவில்லை. 1962 என்னும் ஒரே ஆண்டில் உலகில் 170-க்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. கோடு செங்குத்தாக எழுந்தது அப்போதுதான்.

முறிந்த வாக்கு, கொடுக்காத வாக்கைவிடத் தீமை செய்யும் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்றாண்டு நிறுத்தம் முறிந்தபின் நடந்த வெறி, அதற்கு முன் இல்லாத வெறி. ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் இருபுறமும் குண்டுக்கு மேல் குண்டாக வெடித்தது.

மூன்றா, ஏழா?

அப்படியானால் முறையாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டியதுதானே? ஐந்தாண்டுகளாக ஜெனீவாவில் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். தடையாக நின்றது ஒரு பௌதிகப் பிரச்சினை. அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

காற்றில் வெடிக்கும் குண்டை மறைக்க முடியாது. தூசி உலகைச் சுற்றிவரும். விமானத்தில் ஒரு வடிகட்டியை வைத்தால் சிக்கிவிடும். விண்ணிலும் கடலிலும் வெடித்தாலும் வழியுண்டு. ஆனால் பாதாளத்தில் வெடித்தால்? பூமிக்குள் ஓடும் அதிர்வலை ஒன்றுதான் சாட்சி. ஒரு சிறு குண்டின் அதிர்வைப் போன்ற அதிர்வுள்ள நிலநடுக்கங்கள் உலகில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் நிகழ்கின்றன. எது குண்டு, எது நடுக்கம்?

கொள்கை அளவில் விடை எளிது. குண்டு வெடிக்கும்போது சுற்றியுள்ள பாறை எல்லாத் திசைகளிலும் வெளிநோக்கித் தள்ளப்படுகிறது. ஆகவே எந்தத் திசையிலுள்ள நிலையத்திலும் முதல் அசைவு தள்ளலாகவே பதியும். நிலநடுக்கத்திலோ ஒரு பிளவின் இருபுறமுள்ள பாறைகள் எதிரெதிராக வழுக்குகின்றன. சில திசைகளில் முதல் அசைவு தள்ளல். சில திசைகளில் இழுப்பு. எங்காவது ஓர் இழுப்புப் பதிவாகியிருந்தால் அது குண்டன்று. ஆனால் அதிர்வு மிகச் சிறிதானால் அந்த முதல் அசைவு காற்றின் ஆட்டத்திலும் கடலலையின் முணுமுணுப்பிலும் அமுங்கிவிடும். சந்தைக் கூச்சலில் ஒருவர் 'ஆம்' என்றாரா 'ஊகும்' என்றாரா என்று தெரியாமற் போவதுபோல.

1958 கோடையில் எட்டு நாட்டு விஞ்ஞானிகள் ஜெனீவாவில் கூடினர். உலகெங்கும் 160-க்கும் மேற்பட்ட நிலையங்களை அமைத்தால் போதும், ஐந்து கிலோடன் வரை கண்டுபிடிக்கலாம் என்று ஒருமித்துச் சொன்னார்கள். சில மாதங்களில் புதிய அளவீடுகள் வந்தன. கணக்கு அவ்வளவு சுலபமில்லை என்று அமெரிக்கா பின்வாங்கியது. பெரிய குகையைக் குடைந்து நடுவில் வெடித்தால் அதிர்வு மிகவும் குறையும் என்ற வாதமும் எழுந்தது. எனவே ஐயத்துக்குரிய இடங்களை நேரில் சென்று பார்க்க வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது. சோவியத் அரசுக்கோ அது ஒற்றர்களை வீட்டுக்குள் விடுவது போல.

ஆண்டுக்கு எத்தனை முறை பார்வையிடுவது? அமெரிக்கா 20 என்று தொடங்கியது. சோவியத் 3 என்றது. ஒரு கட்டத்தில் ஒன்றுமே கூடாது என்றது. 1962 அக்டோபரில் கியூபா நெருக்கடி வந்து உலகம் அழிவின் விளிம்பைத் தொட்டு மீண்டது. அந்த அதிர்ச்சியில் இருபுறமும் இறங்கி வந்தனர். டிசம்பரில் குருஷேவ் இரண்டு மூன்று பார்வையிடல்களுக்கு இசைவதாகக் கென்னடிக்கு எழுதினார். அமெரிக்கப் பிரதிநிதி அந்த எண்ணிக்கை போதும் என்று சொன்னதாக அவர் நம்பியிருந்தார். அப்படிச் சொல்லவே இல்லை என்றது அமெரிக்கத் தரப்பு; 8 முதல் 10 என்றது; பிறகு 7 என்றது. தம் சகாக்களிடம் வாதாடி 3 வாங்கித் தந்த குருஷேவுக்கு அவமானம். பேச்சு நின்றது.

மூன்றுக்கும் ஏழுக்கும் இடையே இருப்பது நான்கு. அந்த நான்கில் பௌதிகம் ஏதும் இல்லை என்பது என் கருத்து. ஒரு பார்வையிடல் என்றால் எத்தனை பேர், எவ்வளவு பரப்பு, எத்தனை நாள் என்பதிலேயே உடன்பாடு இல்லாதபோது எண்ணிக்கைக்கு என்ன பொருள்? அது கௌரவக் கணக்கு.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கிணறு எனக்கு நினைவுக்கு வருகிறது. என் பெரியப்பாவுக்கும் பங்காளி ஒருவருக்கும் பொதுக் கிணறு. வரப்பில் நின்ற ஒரு வேப்பமரம் யாருடையது என்பதில் இருவருக்கும் தகராறு. மரத் தகராறு தீராமல் கிணற்றைத் தூர் வார மாட்டேன் என்று இருவரும் பிடிவாதம். இரண்டு கோடை இரு வீட்டுத் தோட்டமும் காய்ந்தன. கடைசியில் ஊர்ப் பெரியவர் ஒருவர், "மரம் எங்கேயும் ஓடிப் போகாதப்பா. அதை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல கிணத்தைத் தூர் வாருங்க" என்றார். தூர் வாரினார்கள். ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்துத் தண்ணீர் எடுத்தார்கள். முறை தவறினால் உடனே தெரிந்துவிடும். மோட்டார் சத்தம் ஊருக்கே கேட்குமே! மரம் இன்றும் வரப்பில்தான் நிற்கிறது. யாருடையது என்று இன்னும் முடிவாகவில்லை.

பத்து நாள்

1963-இல் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. ஜூன் 10-இல் வாஷிங்டனில் ஒரு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பேசிய கென்னடி, மற்ற நாடுகள் செய்யாதவரை அமெரிக்கா காற்றுமண்டலச் சோதனை நடத்தாது என்று அறிவித்தார். எதிரி நாட்டு மக்களும் நம்மைப் போலவே தம் பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணுகிறவர்கள் என்ற தொனியில் அமைந்த பேச்சு அது. குருஷேவ் அதைச் சோவியத் பத்திரிகைகளில் வெளியிட அனுமதித்தார். ஜூலை 2-இல் அவர் பதில் சொன்னார்: பூமிக்கு அடியில் நடக்கும் சோதனையை ஒதுக்கி வைத்துவிட்டு, காற்றிலும் விண்ணிலும் நீருக்கடியிலும் தடை செய்வோம்.

அதாவது வேப்பமரம் கிடக்கட்டும், கிணற்றைத் தூர் வாருவோம் என்றார்.

ஜூலை 15-இல் மாஸ்கோவில் பேச்சுத் தொடங்கியது. அமெரிக்காவுக்கு ஹாரிமன், பிரிட்டனுக்கு ஹெயில்ஷம் பிரபு, சோவியத்துக்குக் குரோமிகோ. ஐந்தாண்டுகளில் முடியாதது பத்து நாளில் முடிந்தது. அங்கும் கொடுக்கல் வாங்கல் இல்லாமலில்லை. கால்வாய் வெட்டுவது போன்ற அமைதிப் பணிக்குக் குண்டு வெடிக்க விலக்கு வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது, பிறகு கைவிட்டது. மாற்றாக, விலக விரும்பும் நாடு மூன்று மாத முன்னறிவிப்புடன் விலகலாம் என்ற விதியைச் சோவியத் ஏற்றது. இன்னொரு சிக்கல் வேடிக்கையானது. கிழக்கு ஜெர்மனியை அமெரிக்கா ஒரு நாடாகவே அங்கீகரிக்கவில்லை. அது கையெழுத்திட்டால் அங்கீகரித்ததாகிவிடுமோ? இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒப்பந்தத்தை வாஷிங்டன், லண்டன், மாஸ்கோ மூன்று இடத்திலும் வைப்பது. யார் எங்கு விரும்பினாலும் கையெழுத்திடலாம். கிழக்கு ஜெர்மனி மாஸ்கோவில் கையெழுத்திட்டது. அமெரிக்கா அதைப் பார்க்காதது போல இருந்துவிட்டது!

ஒப்பந்தத்தில் ஐந்தே பிரிவுகள். அமெரிக்க செனட் சபை 80-க்கு 19 என்ற வாக்கில் அதை ஏற்றது. 1963 அக்டோபர் 10 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் அவ்வாண்டே கையெழுத்திட்டது.

காவலுக்குப் போனவன் கண்ட புதையல்

ஒப்பந்தத்தில் பார்வையிடல் என்ற பேச்சே இல்லை. தடை செய்தவை எல்லாம் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கக் கூடியவை. மீறினால் தெரியும் என்பதை மட்டும் ஒப்பந்தமாக்கியதுதான் இதன் கெட்டிக்காரத்தனம். மற்றவனை நம்ப வேண்டியதில்லை. கருவியை நம்பினால் போதும்.

ஒப்பந்தம் அமுலுக்கு வந்த ஒரு வாரத்தில், அக்டோபர் 17-இல், அமெரிக்கா வேலா என்ற முதல் இரட்டைக் காவல் கோள்களை ஏவியது. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் நியூட்ரானும் எங்காவது பளிச்சிடுகின்றனவா என்று அவை பார்த்துக்கொண்டிருந்தன. 1967 ஜூலை 2-இல் வேலா கோள்கள் ஒரு காமாக் கதிர் வெடிப்பைப் பதிவு செய்தன. வெவ்வேறு கோள்களில் அது பதிந்த நேரங்களின் நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு இத்தகைய வெடிப்புகளின் திசையை விஞ்ஞானிகள் கணக்கிட்டனர். அவை பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை. 1973-இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். பேரண்டத்தின் தொலைகோடியில் விண்மீன்கள் மடியும்போது எழும் காமாக் கதிர் வெடிப்பு என்ற புதிய துறையே இதிலிருந்து பிறந்தது.

பாதி ஒப்பந்தத்தின் விலை

இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. பூமிக்கடியில் சோதனைகள் தொடர்ந்தன. சொல்லப்போனால் ஒப்பந்தத்துக்கு முன் நடந்தவற்றைவிடப் பின் நடந்தவையே அதிகம். சில வேளை நிலம் வெடித்துத் தூசி வெளியேறியதும் உண்டு. 1970 டிசம்பரில் நெவாடாவில் அப்படி நேர்ந்தது. தூசி கண்ணுக்கு மறைந்ததும் பொதுமக்களின் கோபமும் மறைந்துவிட்டது. முழுத்தடைக்குப் போராடியவர்கள் பலர், பாதியை ஏற்றதால் மீதியை இழந்தோம் என்று வருந்தினர். ஒப்பந்தத்தின் முகவுரையில் எல்லாச் சோதனைகளையும் நிறுத்தப் பேச்சைத் தொடர்வோம் என்ற வாக்கும் இருந்தது. அதன்படி முழுத்தடை ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்தது 1996-இல். 33 ஆண்டுகள் கழித்து. அதில் இந்தியா கையெழுத்திடவில்லை. அமெரிக்காவும் சீனாவும் கையெழுத்திட்டும் உறுதி செய்யவில்லை. உறுதி செய்திருந்த ரஷ்யா 2023-இல் அதைத் திரும்பப் பெற்றது.

பிரான்சும் சீனாவும் 1963 ஒப்பந்தத்தில் சேரவே இல்லை. பிரான்ஸ் 1974 வரையும், சீனா 1980 அக்டோபர் வரையும் காற்றில் வெடித்தன. அதன்பின் எவரும் வெடிக்கவில்லை. இந்தியா 1974-லும் 1998-லும் பொக்ரானில் நடத்திய சோதனைகள் பூமிக்கடியில் நடந்தவை. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை அவை மீறவில்லை. கர்நாடகத்தில் கௌரிபிதனூரில் 1965-இல் பிரிட்டனின் உதவியுடன் அமைக்கப்பட்ட நம் நில அதிர்வு நிலையம், பிற நாடுகளின் வெடிப்புகளைக் கேட்டுக் கேட்டே குண்டையும் நடுக்கத்தையும் பிரித்தறியும் கலையைக் கற்றது. 1963-இல் முட்டுக்கட்டையாய் நின்ற பிரச்சினையின் பெரும்பகுதி அடுத்த பத்து இருபது ஆண்டுகளில் இப்படித்தான் தீர்ந்தது.

பாதி ஒப்பந்தத்தால் என்ன பயன் என்று கேட்பவருக்கு நான் கோட்டைக் காட்டுவேன். சரியாகச் சொன்னால், காற்றில் வல்லரசுகளின் சோதனை 1962 டிசம்பரிலேயே நின்றுவிட்டது. மேல்மண்டலத்தில் தேங்கியிருந்தது கீழே இறங்கி வர ஓராண்டுக்கு மேல் ஆனதால்தான் முனை 1963-64-இல் விழுகிறது. 1958 நிறுத்தத்தைப் போல இதுவும் முறிந்திருந்தால் கோடு மீண்டும் ஏறியிருக்கும். ஏறவில்லை.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் எழுந்து கேட்பார்: "கார்பன்-14-இன் அரை ஆயுள் 5,730 ஆண்டு என்றீர்கள். கோடோ பத்துப் பன்னிரண்டு ஆண்டில் பாதியாகிவிட்டதே?" நல்ல கேள்வி. அது சிதைந்து மறையவில்லை, இடம் மாறியது. கடல் ஒரு பங்கை உறிஞ்சியது. காடும் மண்ணும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டன. 1960-களில் வளர்ந்த தேக்கு மரத்தின் வளையங்களில் அது இருக்கிறது. அக்காலத்தில் பிறந்தவர்களின் பல் எனாமலில் இருக்கிறது. அதை அளந்து ஒருவர் பிறந்த ஆண்டைத் தடயவியலார் கணிக்கிறார்கள். காற்றின் கரியமில வாயு எவ்வளவு வேகத்தில் கடலுக்குள் போகிறது என்று நாம் அறிந்ததும் இந்த இறக்கத்தை வைத்தே.

சென்ற ஆண்டு ஒரு மாணவி வேறொன்று கேட்டாள். "சார், கோட்டின் வால் பழைய மட்டத்தைத் தொட்டு, அதற்கும் கீழே போகிறதே. அங்கே என்ன நடக்கிறது?"

நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் புதைந்திருந்தவை. அவற்றில் கார்பன்-14 எப்போதோ சிதைந்து தீர்ந்துவிட்டது. அவற்றை எரிக்கும்போது வரும் கரியமில வாயு, காற்றிலுள்ள கார்பன்-14-ஐ நீர்த்துப் போகச் செய்கிறது. பாலில் தண்ணீர் ஊற்றுவதுபோல. கோடு கீழே போவது அதனால்தான். இதற்கும் 2015-இல் பாரிஸில் ஓர் உடன்பாடு எழுதப்பட்டிருக்கிறது. இங்கே மோட்டார் சத்தம் எல்லோர் வீட்டிலிருந்தும் கேட்கிறது. அவள் அந்த வாலைத் தன் நோட்டில் புள்ளிக் கோடாக நீட்டி வரைந்துகொண்டாள்.